பாக்கிக்கு ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கலாமா?

"நோட்டீஸ் எல்லாம் வேலைக்கு ஆகாது சார், கரண்ட்டைக் கட் பண்ணுங்க, மறுநாளே பணம் வரும்." ஆவடி, சேக்காடு, பட்டாபிராம் வட்டாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழு எங்கே கூடினாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். ஆமோதிக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். இவர்கள் அடாவடிக்காரர்கள் இல்லை. தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்றவர், பள்ளி ஆசிரியை, வங்கிக் கடனில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கிய இளைஞர். ஐந்தாம் தேதிக்குள் மெயின்டனன்ஸ் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பவர்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபம் கண்டுபிடித்திருக்கும் வழி சட்டத்துக்குப் புறம்பானது, அவர்களுக்கே கேடானது.

அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். எட்டு வீடு உள்ள ஒரு கட்டடம், வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வரவு 16,000. வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் ஏ.எம்.சி., மோட்டார் ரிப்பேர், கழிவுநீர் லாரி, கோடையில் தண்ணீர் லாரி எல்லாம் அதற்குள். போதாததற்குக் காமன் மீட்டர் பில். 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் பொது இணைப்புகளைத் தனிக் கட்டணப் பிரிவுக்கு மாற்றி யூனிட் 8 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்டும் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்படும் என்று 2023 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. லிஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. இந்த நிலையில் ஒரு வீட்டுக்காரர் இரண்டு வருடம் கட்டாமல் விட்டால் 48,000 ரூபாய் மற்ற ஏழு பேர் தலையில் விழுகிறது. அவர் வீட்டுத் தொட்டிக்கும் அதே மோட்டார்தான் தண்ணீர் ஏற்றுகிறது. அவர் வீட்டு விருந்தாளிக்கும் அதே வாட்ச்மேன்தான் கேட்டைத் திறக்கிறார். காமன் பில் கட்டப் பணம் போதாமல் ஈபி அந்த இணைப்பைத் துண்டித்தால், ஒழுங்காகக் கட்டியவரும் சேர்ந்துதான் படியேற வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். மீட்டர் ரூம் கீழே இருக்கிறது, சாவி செக்ரட்டரியிடம் இருக்கிறது, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்க அரை நிமிடம் ஆகும். பாக்கிக்காரர் அன்று இரவே போன் செய்வார். ஈபியே பில் கட்டாவிட்டால் பிடுங்குகிறதே, நாங்கள் செய்தால் என்ன? பைலாவிலும் எழுதியிருக்கிறோமே, அவரும் கையெழுத்துப் போட்டவர்தானே?

வாதம் இவ்வளவுதான். இதில் ஒரு பகுதியை மறுக்க எனக்கு எண்ணமே இல்லை. பாக்கி பாக்கிதான். "நான் தரைத்தளத்தில் இருக்கிறேன், லிஃப்டில் ஏறுவதில்லை" என்பதும், "வீடு பூட்டிக் கிடக்கிறது" என்பதும், "பில்டர் கார் பார்க்கிங்கில் ஏமாற்றிவிட்டார்" என்பதும் மெயின்டனன்ஸ் கட்டாமலிருக்கக் காரணம் ஆகாது. பொது இடத்தைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லிப் பொதுச் செலவிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. கட்டாதவருக்காக நான் வாதாட வரவில்லை. வசூலிக்கும் முறையைப் பற்றித்தான் பேச்சு.

1. அது யார் விற்ற மின்சாரம்? சங்கம் விற்றதா? ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி சர்வீஸ் நம்பர் இருக்கிறது, தனி மீட்டர் இருக்கிறது, ஈபியிடம் டெபாசிட் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் அந்த சர்வீஸ் நம்பருக்குத்தான் கழிகிறது. இந்த உறவில் இரண்டே தரப்பு: நுகர்வோர், மின்விநியோக உரிமம் பெற்ற நிறுவனம். சங்கம் இதில் மூன்றாம் ஆள். அண்ணாச்சி கடையில் எனக்குக் கடன் பாக்கி இருந்தால் அண்ணாச்சி எனக்கு அரிசி தர மறுக்கலாம். என் வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிப் போக முடியாது. மெயின்டனன்ஸ் பாக்கிக்காக ஈபி இணைப்பில் கை வைக்கும் சங்கம், தான் தராத பொருளைத் தன் கடனுக்குப் பிணையாகப் பிடித்து வைக்கிறது.

மீட்டர் ரூம் பொது இடம், பொது இடத்தின் நிர்வாகம் சங்கத்திடம், ஆகவே அங்கே இருப்பதன் மேல் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு கிளை வாதம் வரும். பிரிக்கப்படாத பாகத்தில் பாக்கிக்காரருக்கும் பங்கு உண்டு என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த அறையின் எட்டில் ஒரு பங்கு அவருடையது. செக்ரட்டரியிடம் சாவி இருப்பது பராமரிப்பதற்காக. அடைப்பதற்காக யாரும் கொடுக்கவில்லை.

2. "ஈபியே கட் பண்ணுகிறதே" என்பவர்கள் ஈபி எப்படிக் கட் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதைப் படித்ததுண்டா? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை உரிமதாரருக்கும் மின்னுற்பத்தி நிறுவனத்துக்கும் மட்டும் தருகிறது. அதுவும் அவர்களுக்கு வரவேண்டிய தொகைக்காக மட்டுமே. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து முழுதாக 15 நாளாவது கழிய வேண்டும். தொகை சரியில்லை என்று நுகர்வோர் நினைத்தால், ஆட்சேபத்தோடு அதைக் கட்டிவிட்டு வழக்காடலாம். கட்டிவிட்டால் துண்டிக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் கிடப்பில் போட்ட பாக்கியை, தொடர்ந்து பில்லில் காட்டி வந்தாலொழிய, வசூலிக்கவும் முடியாது, அதற்காகத் துண்டிக்கவும் முடியாது.

ஆக, மின்சாரத்தைத் தயாரித்து, கம்பி இழுத்து, வீடுவரை கொண்டுவந்து சேர்க்கிற நிறுவனத்துக்கே இத்தனை கட்டுப்பாடு. அதில் எதையும் செய்யாத எட்டு வீட்டுச் சங்கமோ இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் நாலு கட்டைவிரல் விழுந்ததும் மீட்டர் ரூமுக்கு ஆள் அனுப்புகிறது. ஈபியை முன்னுதாரணம் காட்டுபவர்கள் முன்னுதாரணத்தை முழுசாகக் காட்ட வேண்டும்.

3. பிடுங்கப் போவது யார்? செக்ரட்டரி போக மாட்டார். வாட்ச்மேனை அனுப்புவார், இல்லாவிட்டால் தெருமுனை எலெக்ட்ரீஷியனை. அதே மின்சாரச் சட்டத்தின் 138-ஆம் பிரிவை அவர்கள் இருவரும் படித்திருக்க வாய்ப்பில்லை. உரிமதாரர் மின்சாரம் தரும் லைனிலிருந்து மீட்டரையோ கருவியையோ அதிகாரமின்றித் துண்டிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மீட்டருக்கு அந்தப் பக்கம் உள்ள மெயின் ஸ்விட்சை மட்டும் அணைத்துப் பூட்டினால் பிரிவு பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். அந்த வாதம் நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் நிற்பவர் மாதம் பன்னிரண்டாயிரமோ என்னவோ வாங்கும் வாட்ச்மேன். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் "நாங்கள் சொல்லவில்லை, அவராகவே செய்தார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

4. பைலாவில் இருக்கிறது என்பது பதிலா? சங்கங்களில் பெரும்பாலானவை 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை விழுந்ததாலேயே பைலாவின் ஒவ்வொரு வரியும் சட்டமாகிவிடாது. சட்டம் தடுப்பதை இருவர் கூடி ஒப்புக்கொண்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. கூடுதலாக, மின்சாரச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, அதற்கு முரணான எந்தச் சட்டத்துக்கும், சட்டத்தின் பேரில் செல்லுபடியாகும் எந்த ஆவணத்துக்கும் மேலே தன்னை நிறுத்திக்கொள்கிறது. மாநிலச் சட்டமே அதற்குக் கீழேதான் என்றால் பைலா எம்மாத்திரம்?

5. உள்ளே குடியிருப்பவர் யார் என்று பார்த்தீர்களா? இந்த வாதத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான், இதைத்தான் யாரும் தொடுவதில்லை. புறநகரில் ஃபிளாட் வாங்குபவர்களில் கணிசமானோர் முதலீட்டுக்காக வாங்குகிறார்கள். உரிமையாளர் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர் அவர். ஃபியூஸ் பிடுங்கப்படும்போது இருட்டில் உட்காருபவர் வாடகைக்காரர். வாடகையோடு சேர்த்து மெயின்டனன்ஸையும் வீட்டுக்காரர் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த குடும்பம் அது. கடன்காரருக்கு ஐந்து நட்சத்திர வெளிச்சம், கடனுக்கே சம்பந்தமில்லாதவருக்கு மெழுகுவர்த்தி. இது எந்த ஊர் நியாயம்?

வாடகைச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே, குடியிருப்பவர் அனுபவிக்கும் வசதிகளை வீட்டுக்காரர் தகுந்த காரணமின்றித் துண்டிக்கக் கூடாது என்று தனிப் பிரிவு இருந்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைகளை வீட்டுக்காரரோ அவருடைய மேலாளரோ நிறுத்தி வைப்பதைத் தடுக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு மாடிப்படி விளக்கையும் லிஃப்டையும்கூட அந்தப் பட்டியலில் சேர்க்கிறது.

இதன் பொருளை யோசியுங்கள். வீடு என்னுடையது. வாடகைக்காரர் ஆறு மாதமாக வாடகை தரவில்லை. அப்போதும் நான் அவருடைய மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது; வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வீட்டின் சொந்தக்காரருக்கு இல்லாத அதிகாரம், அந்த வீட்டின் ஒரு சதுர அடிக்கும் சொந்தமில்லாத சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? வாடகைக்காரரைக் காக்கும் சட்டம் சொந்தக்காரரைக் காக்காது என்று ஒரு வாதம் வரலாம். எழுத்துப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் வாடகைக்கு இருப்பவரைவிட சொந்த வீட்டில் இருப்பவருக்கு விளக்கெரிக்கும் உரிமை குறைவு என்று சொல்லும் துணிச்சல் உள்ளவர் அதை எந்த நீதிபதி முன்னாலும் சொல்லிப் பார்க்கட்டும்.

6. மின்சாரம் வசதியா, வாழ்வாதாரமா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. 1995-இல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறைவிடத்துக்கான உரிமையை விளக்கும்போது தண்ணீர், காற்று, வெளிச்சத்தோடு மின்சாரத்தையும் சேர்த்தே சொன்னது. 2013-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் புறம்போக்கு நிலத்தில் வசித்தவர்களின் மின் இணைப்பு தொடர்பான வழக்கில், மின்சாரம் கிடைப்பதை மனித உரிமையாகவே கொள்ள வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை இருக்கிறதா என்பதே கேள்விக்குறியாக இருந்த நிலையில் சொன்னது அது. 2022 மே 13 அன்று திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் இந்திரா பானர்ஜி, ஏ.எஸ். போபண்ணா அமர்வு, மின்சாரம் ஒருவரிடமிருந்து பறிக்கக் கூடாத அடிப்படை வசதி என்றும், வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது என்றும் சொன்னது.

அடிப்படை உரிமை அரசுக்கு எதிரானதுதானே, சங்கம் தனியார் அமைப்பாயிற்றே என்று ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. சரிதான். சங்கத்துக்கு எதிராக ரிட் மனு நிற்பது கஷ்டம். ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்க ரிட் தேவையில்லை. நீதிபதி அந்த மனுவைப் பார்க்கும்போது மேலே சொன்ன மூன்று தீர்ப்புகளும் மனுவோடு இணைக்கப்பட்டிருக்கும்.

இதற்கெல்லாம் தீர்ப்பு வேண்டுமா என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் புறநகரிலும் பல தெருக்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. ஃபிரிட்ஜில் இன்சுலின் கெட்டுப்போகும் கவலை, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாத அவதி, சார்ஜ் இல்லாத போனோடு ஆஸ்பத்திரியைக் கூப்பிட வழி தெரியாத பதற்றம். அதையெல்லாம் அனுபவித்தவர்கள், அதே நிலையை அடுத்த வீட்டுக்கு மட்டும் கத்திரி வெயிலில் உண்டாக்கி வைத்துவிட்டு "அழுத்தம் கொடுக்கிறோம்" என்கிறார்கள். அந்த வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் ஒரு பெரியவர் இருக்கிறாரா என்று ஃபியூஸ் பிடுங்குபவர் கேட்டுவிட்டா பிடுங்குகிறார்?

7. பாக்கி எவ்வளவு என்று தீர்மானித்தது யார்? சங்கம். தொகை சரியா என்று விசாரித்தது யார்? சங்கம். தண்டனை கொடுத்தது? அதே சங்கம். பாக்கித் தகராறுகளில் ஒரு பகுதி வெறும் கட்ட மனமில்லாத கதைதான், ஒப்புக்கொள்கிறேன். மற்றொரு பகுதி நிஜமான தகராறு. சதுர அடிக்கு இவ்வளவு என்று வசூலிப்பதா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவா? மூன்று வருடமாக ஆடிட் ஆகாத கணக்கை யார் கேட்பது? பெயின்ட் அடித்த காண்ட்ராக்ட் செக்ரட்டரியின் மைத்துனருக்குப் போனது ஏன்? மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்யாமல் மேல் வீட்டுக்காரரிடம் மட்டும் முழு மெயின்டனன்ஸ் கேட்பது முறையா? இவற்றில் சங்கம் பக்கமே நியாயம் இருக்கலாம். இருட்டு அந்தக் கேள்விகளைத் தீர்ப்பதில்லை, கேட்டவரின் வாயை அடைக்கிறது. இந்த ஆயுதம் நாளைக்கு யார் கையில் இருக்கும் என்பதையும் கூட்டத்தில் கை தூக்குபவர்கள் யோசிப்பதில்லை. அடுத்த தேர்தலில் செக்ரட்டரி மாறுவார், சாவியும் கைமாறும்.

நீதிமன்றத்துக்குப் போகாமல் தன் கையால் தீர்த்துக்கொள்ளும் வழக்கத்தை நம் சட்டம் சகித்துக்கொள்வதில்லை. உரிமையே இல்லாதவரானாலும் நிலைபெற்ற அனுபவத்தில் இருப்பவரைச் சட்டப்படியன்றி வெளியேற்ற முடியாது என்று 1989-இல் கிருஷ்ணராம் மகாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-இல் ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில், கடன் தவணை தவறியவர்களிடம் அடியாள் வைத்து வாகனத்தைப் பறிப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. வங்கியின் கையில் எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டு, வாகனத்தின் மேல் அடமான உரிமை உண்டு. அதற்கே அந்தக் கதி.

8. பிடுங்காமல், ப்ரீபெய்டில் கழித்துக்கொண்டால்? பெரிய வளாகங்களில் இதுதான் புது உத்தி. வளாகம் முழுமைக்கும் ஒரே இணைப்பு வாங்கி, சங்கமோ பில்டரோ வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. நொய்டா பக்கம் இந்த ப்ரீபெய்ட் மீட்டரிலேயே மெயின்டனன்ஸையும் கழித்தார்கள். நூறு ரூபாய் ரீசார்ஜ் செய்தால் மின்சாரத்துக்கு முன்னால் பாக்கி விழுங்கிவிடும். உத்தரப் பிரதேச மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதைத் தடுத்தது. மத்திய அரசும் 2020-ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகளை 2024 பிப்ரவரியில் திருத்தி இரண்டு காரியம் செய்தது. வளாகத்துக்கு ஒரே இணைப்பா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதை உரிமையாளர்களே வெளிப்படையான வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாம். வாக்கெடுப்பை நடத்துவது மின்விநியோக நிறுவனம். வீட்டு மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம், பொது இட மின்சாரம் மூன்றுக்கும் அளவீடு, பில், வசூல் எல்லாம் தனித்தனி. மூன்றையே ஒன்றாகக் கலக்காதே என்கிற விதி, வாட்ச்மேன் சம்பளத்தை நாலாவதாகக் கலக்கச் சம்மதிக்குமா?

ஜெனரேட்டர் என்ற சொல் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சங்கம் தன் செலவில் தருகிற, இல்லாமலும் வாழ முடிகிற வசதியைப் பாக்கிக்காரருக்கு நிறுத்துவதை நான் எதிர்க்க மாட்டேன். வீட்டுக்குள் வரும் ஜெனரேட்டர் லைன், பார்ட்டி ஹால், ஜிம். முன்கூட்டியே விதி எழுதி, நோட்டீஸ் கொடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி அமலாக்கினால் அதில் நியாயம் உண்டு. தண்ணீரும் மூன்றாவது மாடி முதியவரின் லிஃப்டும் அந்தப் பட்டியலில் வராது.

9. வெளிநாட்டில் இப்படித்தானே செய்கிறார்கள்? மலேசியாவில் அடுக்ககம் வாங்கிய உறவினர் யாராவது இந்தத் தகவலைக் கொண்டுவந்திருப்பார். அங்கே பாக்கிக்காரரின் நுழைவு அட்டையை முடக்கலாம், பொது வசதிகளை நிறுத்தலாம் என்பது உண்மை. எப்படி? 2013-இல் நாடாளுமன்றம் இயற்றிய அடுக்கக நிர்வாகச் சட்டமும் 2015-இல் அதன் கீழ் வந்த விதிகளும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தன. பாக்கிக்காரர் என்றால் யார், நோட்டீஸ் கிடைத்து எத்தனை நாள் கழிய வேண்டும் என்றெல்லாம் விதியிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் பாக்கியை அந்த வீட்டின் மீதே பொறுப்பாகப் பதிவு செய்யவும், கடைசிக் கட்டத்தில் வீட்டையே விற்கவும் வழி இருக்கிறது. அதுவும் சட்டம் கொடுத்த வழி. நம் சங்கங்களுக்கு அப்படி ஓர் அதிகாரம் வேண்டுமானால் கேட்க வேண்டிய இடம் கோட்டை. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டத்தின் இடத்தில் 2022-இல் புதிய சட்டம் இயற்றி 2024-இல் நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். மாநிலம் முழுக்க இத்தனை சங்கங்கள், அவற்றுக்குக் கூட்டமைப்புகள். பாக்கி வசூலுக்கு விரைவான ஒரு வழி வேண்டும் என்று கூட்டாகப் போராடுவதைவிட, மீட்டர் ரூமில் தனித்தனியாகப் பிடுங்குவது சுலபமாகப் போய்விட்டது.

மகாராஷ்டிரத்தில் அந்த வழி இருக்கிறது. அங்கே கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பதிவாளரிடம் போய் வசூல் சான்று வாங்கலாம். பிறகு நிலவரி பாக்கியைப் போல வசூலாகும். முன்னர் 101-ஆம் பிரிவு, இப்போது 154பி-29. மாதிரி பைலாவின்படி பாக்கிக்கு ஆண்டுக்கு 21 சதவீதம் வரை தனி வட்டியும் போடலாம். இதைப் போல ஒன்றைக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

10. "கோர்ட் இழுக்கும்." கடைசி அரண் இது. இதைச் சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: எத்தனை முறை போயிருக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரு முறையும் இல்லை. இழுக்கும் என்று கேள்விப்பட்டதோடு சரி. பாக்கி விவரத்தைப் போட்டு, தீர்மான நகலை இணைத்து, ஒப்புகை அட்டையோடு ஒரு பதிவுத் தபால்கூட அனுப்பியிருக்க மாட்டார்கள். லிஃப்டில் ஒட்டிய பேப்பரையும் வாட்ஸ்ஆப்பில் போட்ட எக்செல் தாளையும் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

செலவு எவ்வளவு என்றும் பார்ப்போம். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கான நீதிமன்றக் கட்டணம் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நம் கணக்கில் வரும் 48,000 ரூபாய்க்கு அது 1,440 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. அதை எட்டு வீடு பகிர்ந்தால் ஒரு மாத மெயின்டனன்ஸைத் தாண்டுவது அரிது என்று நினைக்கிறேன். வழக்கு நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கட்டணமும் திரும்பிவிடும். வழக்கே போடாமல், பூந்தமல்லியிலோ அம்பத்தூரிலோ எது உங்கள் எல்லையோ அந்த நீதிமன்ற வளாகத்து சட்டப்பணிகள் குழுவிடம் முன்வழக்கு மனுவாகக் கொடுத்தால் கட்டணமே இல்லை. எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் அங்கே தீர்வு வரும் என்பது உண்மை. ஆனால் நீதிமன்ற முத்திரையோடு ஒரு அழைப்பு வீட்டுக்கு வரும்போது, செக்ரட்டரியின் முகத்தைப் பார்க்காத பாக்கிக்காரர்கூட உட்கார்ந்து கணக்குப் பேச வருவார். அங்கே வரும் சமரசத் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் நேராக நிறைவேற்று மனு.

இன்னொரு பிடியும் சங்கத்தின் கையில் இருக்கிறது. ஃபிளாட்டை விற்கும் நாள் வந்தால் வாங்குபவரின் வக்கீல் சங்கத்திடமிருந்து பாக்கியில்லாச் சான்று கேட்பார், கடன் கொடுக்கும் வங்கியும் கேட்கலாம். மகாராஷ்டிரத்தின் 1970-ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டத்தைப் போன்ற சட்டங்கள் பாக்கியை ஃபிளாட்டின் மீதே பொறுப்பாக ஏற்றுகின்றன. உரிமையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் ஃபிளாட் இங்கேதானே இருக்கிறது?

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஃபியூஸைப் பிடுங்கிய மறுநாள் பாக்கிக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் முன்சீப் கோர்ட்டுக்கும் போகிறார். இடைக்காலத் தடையாணை கேட்கிறார். அதுவரை கடன் கொடுத்த தரப்பாக இருந்த சங்கம் அன்றிலிருந்து பிரதிவாதி. 48,000 ரூபாய் எங்கே என்று யாரும் கேட்கப் போவதில்லை. மீட்டர் ரூம் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் கேட்பார்கள். வாய்தாவுக்கு வாய்தா சங்கத்தின் நிதியிலிருந்து வக்கீலுக்குப் பணம் போகும். அந்த நிதி ஒழுங்காகக் கட்டிய ஏழு பேருடையது.

இந்தக் கலாட்டாவில் யாரும் கவனிக்காத ஒன்று காலவரம்பு. பணத்துக்கான வழக்கை மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பாக்கிக்காரர் ஒரு பகுதியைக் கட்டி அது அவர் கையெழுத்தோடு பதிவானால், அல்லது கடன் உண்டு என்று அந்தக் காலத்துக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். கூட்டத்தில் கத்தினாலும் வாட்ஸ்ஆப்பில் திட்டினாலும் கரண்ட்டைப் பிடுங்கினாலும் அது ஒரு நாள்கூட நீளாது. உங்கள் கட்டடத்தில் பழைய பாக்கி இருக்கிறதா? முதல் நிலுவை எந்த மாதத்தியது, கடைசிப் பதிவுத் தபால் எந்தத் தேதியில் போனது என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செக்ரட்டரியிடம் கேளுங்கள்.